செயலாளருக்கு ஒரு விசில்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பை என்னுதுதான், மடியில வெச்சுக்கறேன். சங்ககிரிதானே? நான் அதையும் தாண்டிப் போகணும். இந்த பஸ்ஸ எப்படியும் ஒரு மணி நேரம் உருட்டுவான். உங்களப் பாத்தா படிச்ச புள்ளயாட்டம் இருக்குது. ஒரு நியாயம் கேக்கணும். நீங்க எனக்கு வேண்டியவரும் இல்ல, அவனுங்களுக்கு வேண்டியவரும் இல்ல. கேட்டுட்டு மனசுல பட்டதச் சொல்லுங்க.

என் பேரு அர்த்தநாரி. ஸ்டீல் மில்லுல ஸ்டோர்ஸ் பாக்கறேன். எந்த மில்லுன்னு வேண்டாம், சேலத்துக்கு வெளிய ஏதோ ஒரு மில்லுன்னு வெச்சுக்குங்க. பதினாலு வருஷம் அங்க சங்கத்துக்குச் செயலாளர். பதினாலு வருஷமும் போட்டியே இல்ல. என்னை எதிர்த்து நிக்கறதுக்கு ஒருத்தனுக்கும் தைரியம் வந்ததில்ல. எனக்கும் அது பழகிப் போச்சு, மாலைய நானே வாங்கிக்கிட்டுப் போய் குடுத்துருவேன். போன மாசம் ஒருத்தன் நின்னான். தோத்துட்டேன். தோத்தது கூடப் பரவால்ல. தோக்கடிச்ச விதம் இருக்குது பாருங்க, அதத்தான் தாங்க முடியல.

எங்க வேலை என்னன்னு சொல்லிடறேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். இரும்புக் கட்டைய உலையில போட்டு, செவந்ததும் எடுத்து, உருளைக்கு நடுவுல விட்டு நசுக்கி நசுக்கிக் கம்பியா இழுக்கறது. நீங்க வீடு கட்டறப்ப போடறீங்கல்ல, அதே கம்பிதான். உருளைங்க வரிசையா நிக்கும். ஒண்ணுல இருந்து வெளிய வர்ற கம்பிய இடுக்கியில பிடிச்சு, வளைச்சு, அடுத்த உருளை வாயில குடுக்கணும். அதுக்குன்னே ஆளுங்க இருக்கறானுங்க. இடுக்கிக்காரனுங்கம்போம். மொத்தம் முப்பத்தெட்டு பேரு, மூணு ஷிப்ட்டு. கம்பி சாரைப்பாம்பாட்டம் நெளிஞ்சுக்கிட்டு வரும். நான் பிடிச்சதில்ல. எனக்குச் சங்க வேலைக்கே நேரம் பத்தாது.

சங்கத்துல அப்படி என்ன வேலைன்னுதானே பாக்கறீங்க. ஃபாரம் தம்பி, ஃபாரம். ஒருத்தனுக்குக் காலு வெந்துச்சு, கை வெந்துச்சுன்னா ஈ.எஸ்.ஐ.க்கு ஃபாரம் எழுதணும். மாசத்துக்கு நாலு, அஞ்சு வரும். எந்தப் பக்கம், எத்தன அங்குலம், எத்தன மணிக்கு, எல்லாம் எழுதணும். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். பதினாலு வருஷத்துல நான் எழுதின ஃபாரம் ஒண்ணு திரும்பி வந்ததில்ல. வெந்தவன் வந்து நிப்பான், அவன் பொண்டாட்டி வந்து நிப்பா, மச்சினன் வந்து நிப்பான். "அண்ணா, நீங்கதான் பாத்துச் செய்யணும்"பாங்க. செயலாளர்னா அதுதான் தம்பி மரியாதை. வாசல்ல நாலு பேரு நிக்கணும்.

இப்ப செங்கோடன் கதைக்கு வர்றேன். இடுக்கிக்காரனுங்கள்ல அவன்தான் பெரிய கை. இருபது வருஷ சர்வீஸ். மடிச்சுக் கட்டின லுங்கி, காலுல ரப்பர் செருப்பு, தலையில ஈரத்துண்டு, வாய் நெறைய வெத்தல. அந்தக் கோலத்துலதான் நெருப்புக்கு முன்னால நிப்பான். எங்க மில்லுல எல்லாம் அப்படித்தான். தோல் பூட்ஸு, தோல் ஏப்ரான் எல்லாம் என் ஸ்டோர்ஸ்ல பத்திரமா இருந்துச்சு. ஒண்ணு தொலைஞ்சதில்ல. யாரும் வந்து கேட்டாத்தானே தொலையறதுக்கு.

சென்னையில இருந்து புதுசா ஒரு இன்ஜினியர் வந்தாரு. வந்த ரெண்டாம் வாரம் நேரா உருளைக்கு முன்னால போய், கம்பி வளைஞ்சு விழற இடத்துல, முதுகக் காட்டி நின்னுக்கிட்டு போன் பேசறாரு. செங்கோடன் கத்தறான். அந்தச் சத்தத்துல எங்க கேக்கறது. கம்பி வருது. கையில இடுக்கி இருக்குது. இவன் என்ன பண்ணான், இடுக்கியாலயே அவரு பின்னால ஒரு தள்ளு தள்ளிட்டான். ஆளு எகிறிப் போய் அந்தாண்ட விழுந்தாரு. அவரு நின்ன இடத்துல கம்பி வந்து விழுந்துச்சு. உயிரு தப்பிச்சாரு. ஆனா அந்த இடுக்கி அப்பத்தான் கம்பிய விட்டது, சூடு ஆறல. பேண்ட்டுல ரெண்டு ஓட்டை. இடுக்கிக்கு வாய் ரெண்டாச்சே.

காப்பாத்துனவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருக்கலாம். சார்ஜ் ஷீட் குடுத்தாரு. "மேலதிகாரியைப் பின்புறமாகத் தாக்கியது"ன்னு டைப் அடிச்சிருந்துச்சு. விசாரணைக்கு அந்த பேண்ட்ட பாலிதீன் கவர்ல போட்டுக் கொண்டாந்து மேஜை மேல வெச்சாங்க. பெர்சனல் மேனேஜரு ஞானசிகாமணி, பக்திமான், நெத்தி நெறைய திருநீறு, அவரு அத ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "சேதம் உறுதியாகிறது"ன்னு எழுதுனாரு. செங்கோடன சஸ்பெண்டு பண்ணிட்டாங்க.

அவன் சம்சாரம் பாவாயி என் வீட்டுக்கே வந்துருச்சு. அழுவும்னு நெனைச்சேன், அழுவல. "அண்ணா, அந்தாள எப்படியாச்சும் மில்லுக்குள்ள அனுப்பிருங்க. வீட்டுல உக்காந்துக்கிட்டு எல்லாத்துக்கும் உத்தரவு போடறாரு. சோத்துப் பானைய அங்க வைய்யி, இங்க வைய்யிங்கறாரு. கோழி கூட வாசப்பக்கம் வர்றதில்ல"ன்னுச்சு. நான் வாக்குக் குடுத்துட்டேன். செங்கோடன உள்ள கொண்டாரலீன்னா நான் செயலாளரே இல்லன்னு சொல்லிட்டேன். அந்த வாக்குதான் தம்பி, என் தலையில விழுந்த கட்டை.

ஸ்ட்ரைக்குன்னு போனா நோட்டீஸு, தாவா, கோர்ட்டுன்னு வருஷமாயிரும். அதனால நான் ஒரு ரோசனை பண்ணேன். விதிப்படி வேலை. மில்லுக்குப் பாதுகாப்பு விதின்னு ஒரு புஸ்தகம் இருக்குது, அறுபத்திரெண்டு விதி. என் ஸ்டோர்ஸ்லதான் கட்டு கட்டாக் கெடந்துச்சு, போல்ட்டு நட்டு மடிச்சுக் குடுக்கறதுக்கு வெச்சிருந்தேன். அத ஒரு ராத்திரியில முழுசாப் படிச்சேன். மில்லு ஆரம்பிச்சதுல இருந்து அதப் படிச்ச ஒரே ஆளு நான்தான்னு சத்தியம் பண்ணுவேன். கேட்டுல கூட்டம் போட்டுச் சொன்னேன், "தோழர்களே, நாளையில இருந்து அறுபத்திரெண்டு விதியையும் ஒண்ணு விடாம கடைப்பிடிக்கறோம். உற்பத்தி படுத்துரும். நிர்வாகம் காலுல விழும்"னு. கைத்தட்டு காதப் பொளந்துச்சு.

ஆடி ஒண்ணாம் தேதி ஆரம்பிச்சோம். எல்லாரும் பூட்ஸு, ஏப்ரான், முகமூடி போட்டுக்கிட்டு கூத்துக்காரனுங்களாட்டம் வந்தானுங்க. ஷிப்ட்டு தொடங்கறப்ப உருளைக்கு நடுவுல இடைவெளி சரியா இருக்குதான்னு அளந்து பாக்கணும், அது பதினேழாம் விதி. கட்டை சரியா செவக்கற வரைக்கும் எடுக்கக் கூடாது, இருபத்தி ரெண்டு. கம்பி வளைஞ்சு விழற இடத்தச் சுத்தி மஞ்சக் கோடு, அதத் தாண்டி ஒருத்தனும் நிக்கக் கூடாது, முப்பத்தி ஒண்ணு. இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா ஆளு மாறணும். மொதல் நாளு உற்பத்தி பாதியாச்சு. நான் சங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் காராபூந்தி வாங்கிக் குடுத்தேன்.

அவசரப்பட்டுட்டேன் தம்பி.

நாலாம் நாளு எடை மேடையில இருந்து லோகநாதன் வந்தான். கம்பி லாரியில ஏறறப்ப எடை போடறவன், எதுக்கெடுத்தாலும் கணக்கோட பேசுவான். "அண்ணா, உற்பத்தி ஏறுது"ன்னான். மெஷினப் போய் பாருடா, கோளாறா இருக்கும்னேன். பத்தாம் நாளு பழைய அளவத் தாண்டிருச்சு. என்னாச்சுன்னா, முன்னெல்லாம் ஷிப்ட்டுக்கு அஞ்சாறு தடவ கம்பி உருளையில சிக்கி, எகிறி, நூல் கண்டாட்டம் சுருண்டுக்கும். அத வெட்டி எடுக்கறதுக்கு ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் மில்லு நிக்கும். இப்ப இடைவெளிய அளந்து, நல்லா செவந்த கட்டையா விட்டதுல சிக்கறதே இல்ல. மில்லு நிக்க மாட்டேங்குது. நாங்க ஆமையாட்டம் வேலை செய்யறோம், அது பாட்டுக்குக் குதிரையாட்டம் ஓடுது. விதி எழுதுன படுபாவி எவனோ, நெசமாவே மில்லு ஓடணும்னு எழுதியிருக்கறான்.

பேச்சுவார்த்தைக்குப் போனேன். ஞானசிகாமணி எழுந்து நின்னு கை குடுத்தாரு. அந்த ஆளு எனக்கு உக்கார நாற்காலி காட்டுனதே அன்னைக்குத்தான். பில்டர் காப்பி, முந்திரி பிஸ்கோத்து. "உங்க போராட்டம் எத்தன நாளைக்குங்க?"ன்னாரு. செங்கோடன உள்ள விடற வரைக்கும்னு மேஜையத் தட்டிச் சொன்னேன். "அப்ப அவரு மெதுவா வரட்டும், ஒண்ணும் அவசரமில்ல"ன்னாரு. கையில எடுத்த பிஸ்கோத்தத் தட்டுலயே திருப்பி வெச்சுட்டேன்.

செங்கோடன் வீட்டுக்குப் போனா அவன் என்னைய உள்ளயே விடல. "நான் இல்லாம மில்லு நல்லா ஓடுதாமே. எனக்காகப் போராடறீங்களா, எனக்குக் கருமாதி பண்றீங்களா"ன்னான். ரெண்டு மாசம் இப்படியே போச்சு. நாங்க போராடப் போராட நிர்வாகத்துக்கு லாபம். நான் தூங்கல தம்பி.

அப்புறம் எனக்கே உதிச்சது. வேற எவனுக்கும் உதிச்சிருக்காது. கேட்டுல கூட்டம் போட்டேன். "தோழர்களே, விதிப்படி வேலைய வாபஸ் வாங்கறோம். நாளையில இருந்து பழையபடி வேலை செய்யறதுதான் போராட்டம்"னேன். ஒருத்தன் கைத்தட்டுனான், மத்தவனெல்லாம் அவனப் பாத்தானுங்க. மறுநாள் லுங்கி, செருப்பு, வெத்தல. காலையில இருந்து மதியத்துக்குள்ள நாலு தடவ சிக்குச்சு. சாயங்காலம் ஒருத்தனுக்குக் கணுக்காலுல மூணு அங்குலம் வெந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஃபாரம். பேனாவப் பிடிக்கறப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா. எழுத்து கொஞ்சம் கூட மாறல.

மூணாம் நாளு ஞானசிகாமணி சங்க ஆபீஸுக்கே வந்துட்டாரு. திருநீறு வேர்வையில கரைஞ்சு மூக்கு வரைக்கும் வந்திருந்துச்சு. "அர்த்தநாரி, தயவு பண்ணி போராட்டத்தத் தொடருங்க. செங்கோடன நாளைக்கே சேத்துக்கறேன்"ன்னாரு. ஒப்பந்தம் போட்டோம். செங்கோடன் உள்ள வருவான், விதிப்படி வேலை நிரந்தரமா நடக்கும், அத சங்கச் செயலாளர் கண்காணிப்பாரு. போராட்டம் ஜெயிச்சதுக்கு அடையாளம் போராட்டம் நிக்காததுதான்னு ஆயிப் போச்சு. உலகத்துல எந்தச் சங்கமாவது இப்படி ஜெயிச்சிருக்குதா, நீங்க படிச்சவரு, சொல்லுங்க. எனக்கு ஒரு மஞ்சத் தொப்பியும் ஒரு விசிலும் குடுத்தாங்க. பித்தளை விசிலு.

விதி எனக்கு மனப்பாடம். எவன் தப்புனாலும் ஊதுவேன். கேன்டீன்ல ஊதுவேன், லோடு ஏத்தற இடத்துல ஊதுவேன், கக்கூசுக்கு ஓடறவன் ஓடக் கூடாதுன்னு ஊதுவேன், அது நாப்பத்தி நாலாம் விதி. லோடு ஏத்தறவனுங்களுக்கு ஏற்கெனவே எரிச்சல். உற்பத்தி ஏறுனதுல அவனுங்களுக்கு லாரி கூடிப் போச்சு. அதுல நான் வேற ஹெல்மெட் போடுன்னு ஊதுனா கடுப்பாகாதா. என்னைய விசிலண்ணன்னு கூப்பிட ஆரம்பிச்சானுங்க. நான் பெருமையாத்தான் எடுத்துக்கிட்டேன்.

செங்கோடன் திரும்பி வந்த மொதல் நாளே லுங்கியோட வந்தான். ஊதுனேன். இவனுக்காக நாங்க ரெண்டு மாசம் போராடியிருக்கோம்ங்கற நன்றியே இல்லாம மொறைச்சான். பூட்ஸு போடாம உள்ள விட மாட்டேன்னுட்டேன். என் ஸ்டோர்ஸ்ல இருந்து பத்தாம் நம்பர் பூட்ஸு எடுத்து நானே கையெழுத்து வாங்கிக்கிட்டுக் குடுத்தேன். திட்டிக்கிட்டே போட்டான்.

தையில ஒரு நாளு. நான் கோட்டுக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டிருக்கறேன். செங்கோடன் பூட்ஸு நுனி மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் போயிருந்துச்சு. உயிர் போற மாதிரி ஊதுனேன். அவன் எங்கம்மாவப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டே ரெண்டடி பின்னால வந்தான். வந்த அடுத்த நிமிஷம் உருளையில கம்பி சிக்கி எகிறுச்சு, நான் விசில் வெச்சிருந்த ஏழு மாசத்துல அது ஒண்ணுதான், நேரா வந்து அவன் மொதல்ல நின்ன இடத்துல சுருண்டு விழுந்துச்சு. செவசெவன்னு. செங்கோடன் அந்த இடத்தயே பாத்துக்கிட்டு நிக்கறான். அப்புறம் என்னையப் பாக்கறான். நான் அவனப் பாக்கல, நோட்டுல எழுதிக்கிட்டிருந்தேன். கோடு தாண்டுனது ஒண்ணு, கெட்ட வார்த்தை ஒண்ணு. செத்துப் போன எங்கம்மா அவனுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? மெமோ வாங்கிக் குடுத்துட்டுத்தான் ஓஞ்சேன். அவன் வாயே தொறக்காம கையெழுத்துப் போட்டுட்டுப் போனான். திமிரு.

இதெல்லாம் கூடத் தாங்கிக்கலாம். ஏழு மாசத்துல ஒரு ஃபாரம் வரல தம்பி. ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு வரல. டிராயரத் தொறந்து பாப்பேன், புது ஃபாரமெல்லாம் அப்படியே மடிப்புக் கலையாமக் கெடக்கும். சங்க ஆபீஸ் வாசல்ல ஒரு ஆளு நிக்கறதில்ல. பொண்டாட்டிங்க வர்றதில்ல, மச்சினனுங்க வர்றதில்ல. பேனா மை காஞ்சு போச்சு. எனக்குப் பயமாவே இருந்துச்சு, ஆளுங்களுக்கு என்னைய மறந்து போச்சோன்னு. இப்ப லோகநாதன் செயலாளரு. வந்ததும் விசில வாங்கி அலமாரியில போட்டுப் பூட்டுனான். ஒரு மாசம் ஆகல, மூணு ஃபாரம் எழுதிட்டான். அவன் வாசல்ல கூட்டம். குடுத்து வெச்சவன்.

ஆமா, எலெக்ஷனச் சொல்ல விட்டுட்டேன். "விசில் இல்லாத மில்லு"ன்னு நோட்டீஸ் அடிச்சு எனக்கு எதிரா நின்னான் லோகநாதன். சித்திரையில ஓட்டு. எங்க மில்லுல பெட்டி தனித்தனியா வைப்போம், இடுக்கிக்காரனுங்களுக்கு ஒண்ணு, மெக்கானிக்குங்களுக்கு ஒண்ணு, லோடு, கேன்டீன், ஸ்டோர்ஸ் எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணு. மத்த ரெண்டு பெட்டியிலயும் சேத்து எனக்கு விழுந்தது ஒம்பது. நூத்தம்பது ஓட்டுல ஒம்பது. அதுல ஒண்ணு நான் போட்டது. சரி, மனுசன்னா கோபம் இருக்கும், ஓட்டுல காட்டுனானுங்க, ஏத்துக்கறேன்.

இடுக்கிக்காரனுங்க பெட்டியத் தொறந்தாங்க. முப்பத்தெட்டு ஓட்டு. முப்பத்தெட்டும் எனக்கு.

சிரிக்காதீங்க தம்பி. முப்பத்தெட்டு பேர்ல ஒருத்தன் கூட மாத்திப் போடல. செல்லாத ஓட்டு ஒண்ணு இல்ல. யார மொதல் நாளுல இருந்து ஊதி ஊதி வெரட்டுனேனோ, எவனெல்லாம் எங்கம்மாவ இழுத்துப் பேசுனானோ, அவனுங்க. வாங்குன மெமோவ வரிசையா ஒட்டுனா கேட்டு வரைக்கும் வரும், அவனுங்க. பேசி வெச்சுக்கிட்டு கிண்டலுக்குப் போட்டிருக்கானுங்க. எப்படியும் இவன் தோக்கப் போறான், நாம போட்டு வைப்போம், எண்ணும்போது மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கலாம்னு. லோடு ஆளுங்க எனக்கு எதிரா போட்டானுங்களே, அதுல ஒரு நேர்மை இருக்குது. இதுல என்ன இருக்குது?

கேக்காம விடுவேனா. மறுநாள் மதியம் ரெண்டு மணி ஷிப்ட்டு முடியற நேரத்துக்குக் கேட்டுல போய் நின்னேன். செங்கோடன் வந்தான், பின்னாலயே அவன் ஷிப்ட்டு ஆளுங்க, மொத்தம் பன்னண்டு பேரு. வழிய மறிச்சுட்டேன்.

"ஏண்டா செங்கோடா, தோத்தவனப் போட்டு ஏண்டா மிதிக்கறீங்க. ரெண்டு மூணு பேரு போட்டிருந்தா மனசாரப் போட்டான்னு நெனைச்சிருப்பேன். முப்பத்தெட்டாடா? உனக்காக நான் வாக்குக் குடுத்தேன், உள்ள கொண்டாந்தேன். அதுக்கு இதானா மரியாதை?"

செங்கோடன் எப்பவும் பேசத் தெரியாதவன், திட்ட மட்டும்தான் தெரியும். "அண்ணா"ன்னான். குனிஞ்சான். பூட்ஸ அவுத்தான். பேண்ட்ட முழங்கால் வரைக்கும் சுருட்டுனான். ரெண்டு காலையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு என் முன்னால நீட்டிக் காட்டுனான்.

அவனப் பாத்துட்டு பக்கத்துல இருந்தவனும் குனிஞ்சான். அப்புறம் அடுத்தவன். பன்னண்டு பேரும் வரிசையா நின்னு பேண்ட்டச் சுருட்டி நிக்கறானுங்க. ஒருத்தன் வாயில சிரிப்பு இல்ல, கேட்டுக்கிட்டீங்களா, அவ்வளவு தேர்ந்த கிண்டலு. டீக்கடைக்காரன் டம்ளரக் கையில வெச்சுக்கிட்டு வாய் பொளந்து பாக்கறான். பதினாலு வருஷம் செயலாளரா இருந்தவன் மூஞ்சிக்கு நேரா பன்னண்டு ஜோடி காலு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி, ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது.

இவ்வளவு தூரம் காட்டறானுங்களேன்னு நானும் குனிஞ்சு பாத்தேன். ஒவ்வொருத்தன் காலா பாத்தேன். எல்லாம் பழைய தழும்பு, நான் ஃபாரம் எழுதுனதுதான், எனக்குத் தெரியாததா. புதுசா ஒரு கொப்புளம் கூடக் கெடையாது. அப்புறம் எதுக்குங்க காட்டணும்? புண்ணுன்னு ஒண்ணு இருந்திருந்தா, தோத்தாலும் போகட்டும்னு அங்கயே கேட்டுல உக்காந்து ஃபாரம் எழுதிக் குடுத்திருப்பேன்ல.